லிஃப்ட் பொத்தானின் பல்பு

மனித அறிவின் வரலாற்றில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம், ஸ்வீடனின் ஹால்விக் நகராட்சி வீட்டுவசதிப் பிரிவுக்கே உரியது. நாங்கள் நிரல் எழுதக் கற்றுக்கொண்டோம்.

எல்லாம் எங்கள் தலைவர் சிக்ஸ்டன் ஒரு மாநாட்டில் பெற்றுவந்த ‘ஞானோதயம்’. பாடம் நடத்த வந்தவர் தூவா என்ற நிரலாளர். மிக எளிய கணினிமொழி; பெரிய கேள்வியைச் சின்னதாக்கி, அதற்குத் தன்னையே மறுபடி அழைத்துக்கொள்ளும் ‘செயல்கூறு’ என்ற நிரல்துண்டுதான் அதன் உயிர். காப்பி மேசையிலிருந்த இலவங்கப்பட்டைப் பன் தட்டைக் காட்டினார்.

“இதுல எத்தன பன்னு? ஒண்ண எடுத்து வைங்க, மிச்சத்துக்கும் அதே கேள்வியக் கேளுங்க. தட்டு காலியானா நிறுத்துங்க. அப்புறம் வந்த வழியே திரும்பி, எடுத்து வெச்சதையெல்லாம் கூட்டணும்.”

எடுத்து வைத்ததை எங்கள் சக ஊழியர் ஓஸ்வால்ட் தின்றுவிட்டிருந்தார்.

“திரும்பறதா? முன்னேற்றம்னா முன்னால போறதுதான்” என்று சிக்ஸ்டன் வகுப்பை முடித்துவைத்தார். அந்த அரைப் பாடம் அன்றே ‘அலுவலக நடைமுறை’ ஆயிற்று.

மறுநாள் மாலின் என்ற பெண் வந்தார். “எங்க குடியிருப்புல லிஃப்ட் ஓடலங்க. எம் புருஷன் ஈவாருக்கு இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு. நாலாவது மாடியிலயே கெடக்கார். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்?”

லிஃப்ட் பெரிய பிரச்சினை. அதிலிருந்து கதவை மட்டும் பிரித்து, பக்கத்து மேசை பெரிட்டிடம் தந்தேன். பெரிட் கதவிலிருந்து பொத்தானைப் பிரித்து ஓஸ்வால்டிடம் தந்தார். ஓஸ்வால்ட் பொத்தானுக்குள் ஒரு பல்பைக் கண்டுபிடித்தார். உடனே மாற்றினோம். ‘தீர்ந்தது’ என்று முத்திரை குத்தி, கேக் வெட்டினோம்.

மாலின் மறுபடி வந்தார்.

“பொத்தான் ஜெகஜோதியா எரியுது. லிஃப்ட் எங்கங்க?”

“உங்க பிரச்சினையோட மிகச் சின்ன வடிவத்தத் தீர்த்துட்டோம்” என்றார் சிக்ஸ்டன் பெருமிதத்தோடு.

“எனக்கு நல்லா பல்பு குடுத்துட்டீங்க!”

சிக்ஸ்டன் அதை நன்றியுரையாகப் பதிவு செய்யச் சொன்னார்.

கேள்விப்பட்ட தூவா மூச்சிரைக்க ஓடிவந்தார். “திரும்பி வரச் சொன்னேனே! பல்பு, அப்புறம் பொத்தான், கதவு, லிஃப்ட்னு மேல வரணும்!”

“முடிஞ்ச ஃபைல எவனாவது திறப்பானா தூவா?” என்றார் சிக்ஸ்டன்.

தூவாவும் அக்கம்பக்கத்தாரும் ஈவாரை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அவர் வலியில் அலறினாராம். எங்களுக்குக் கேட்கவில்லை; அன்று எங்கள் பிரிவுக்குக் கிடைத்த ‘சிறந்த புத்தாக்க அலுவலகம்’ விருதுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

லிஃப்டை என்ன, வலியில் துடிக்கும் மனிதனையே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக்க எங்களால் முடியும். முன்பெல்லாம் அதைப் படிக்காமலே செய்துவந்தோம். இப்போது சான்றிதழோடு செய்கிறோம்.