மூக்கால் குடித்த கோப்பி

வியாபாரத்தில் நான் பெரிய மூளைக்காரன் என்று வாழ்நாளில் ஆறே ஆறு நாள் நம்பியிருக்கிறேன். ஏழாம் நாள் அந்த மூளை கண், மூக்கு வழியாக ஒழுகிவிட்டது.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில், கோலா கெத்திலில் எனக்கு ஒரு கோப்பிக்கடை இருந்தது. கோப்பிதான் இல்லை. சோளத்தைக் கருக வறுத்து, இடித்து, கொதிக்க வைத்துக் கொடுத்தேன். (குடித்தவர்கள் என்னை மன்னிக்கட்டும்.) கடையில் ஈ கூட உட்காரவில்லை. அப்போதுதான் ஆள் கணக்கு எழுதும் தனபால் கிராணி வந்து சேதி சொன்னார்.

"தம்பி, அடுத்த வாரம் ஜப்பான் துவான் கடை கடையா பார்க்க வர்றாரு. ஆள் வராத கடைன்னா நீ சும்மா இருக்கிறவன்னு அர்த்தம். சயாமுக்கு ரயில் பாதை போட ஏத்திடுவாங்க. உன் பேரு லிஸ்ட்ல இருக்கு."

சயாமுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை. எனக்கு உயிர்ப்பயம். அந்தப் பயத்தில்தான் யோசனை பிறந்தது.

பரணில் சண்டைக்கு முந்தைய அசல் கோப்பித்தூள் அரை டின் கிடந்தது. தினம் காலையில் காய்ந்த இரும்புச் சட்டியில் ஒரு சிட்டிகை தூவி, அடுப்புக்குப் பின்னால் நின்று முறத்தால் தெருப்பக்கம் விசிறினேன். சைக்கிளில் போனவர்களெல்லாம் இறங்கி வந்தார்கள். மூக்கால் கோப்பியையும் வாயால் சோளத்தண்ணீரையும் குடித்தார்கள். "சண்டைக்கு முந்தி குடிச்ச அதே ருசிலா!" என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாம் நாள் ஜப்பான் துரையான அந்தத் துவான் வந்தார், பின்னால் லிஸ்டோடு கிராணி. பெஞ்சில் இடமில்லை. ஒருவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்த துவான், மூக்கை உறிஞ்சி, "கோப்பி, பாகுஸ்!" என்றார். (நன்றாக இருக்கிறதாம்!) நான் இரட்டை வேகத்தில் விசிறினேன்.

என் பார்வை துவான் முகத்தில். அதனால் பின்கட்டிலிருந்து வந்த என் அஞ்சலையக்காவைக் கவனிக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து, தம்பிக்குக் கண் பட்டுவிடும் என்று ஆறு நாளாக அவளுக்குத் தூக்கமில்லையாம். என் முதுகுக்குப் பின்னால் மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு கைப்பிடி காய்ந்த மிளகாயை அடுப்பில் போட்டுவிட்டாள்.

விசிறியவன் நான் அல்லவா, நெடி நேராகத் துவானுக்குப் போனது. கடையே இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. நான் ஓடவும் முடியாமல் தரையில் உருண்டு இருமினேன். கண்ணீரோடு என்னைச் சுட்டிக்காட்டி துவான் ஏதோ கத்தினார். கிராணி சமயம் பார்த்து, "சாகிட், துவான்! நெஞ்சுல சாகிட்!" என்றார். (நெஞ்சில் நோயாம்!)

துவான் பென்சிலைப் பிடுங்கி என் பெயரை அடித்துவிட்டுப் போனார். கிராணி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சொன்னார்: "சயரோகக்காரனை எவன்லா ரயில்ல ஏத்துவான்? பொழைச்சுக்க!"

அக்காவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. (கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது நம் சாஸ்திரம்.) "எப்படிக் கமறுது பாரு! ஒரு கண்ணும் படல தம்பி!" என்று பூரித்துப்போனாள்.

மறுநாளிலிருந்து சயரோகக்காரன் கடைக்கு ஒருவரும் வரவில்லை. கடையை மூடினேன். அந்த லிஸ்டில் எனக்கு மேலும் கீழும் இருந்தவர்கள் ரயிலேறினார்கள், திரும்பவில்லை.

ஜப்பான்காரன் போன பிறகும் பெண் கொடுக்க ஆளில்லை. கடைசியில் கரங்கானில் ஒருவர், தோட்டத்துப் பந்துத் திடலை மூன்று முறை சுற்றி என்னை ஓடவைத்து, இருமுகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் மகளைக் கொடுத்தார். இன்றும் அடுப்பில் மிளகாய் கருகி நான் இருமினால், அந்த மகள் உள்ளிருந்து குரல் கொடுக்கிறாள்:

"போதும்லா, இப்ப யாரும் லிஸ்ட் எழுதல!"