மாமாவின் பொறுப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டி

ஆசீர்வாதம் ஹாலில் முழங்காலிட்டிருந்தார். ஜெபத்துக்காக அல்ல. டார்ச் லைட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடித்து, சருகுக்கு அடியில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் அசையவில்லை. நேற்றும் அசையவில்லை. மகளும் மருமகனும் நேர்ச்சை செலுத்த வேளாங்கண்ணிக்குப் போனதிலிருந்தே அந்தப் பெட்டிக்குள் உயிர் இருப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

பெட்டி மருமகன் ஸ்டீவுடையது. திருநகர் வீட்டு ஹாலில் டிவிக்கும் மாதா சுரூபத்துக்கும் நடுவில் இடம்பிடித்திருந்தது. அடியில் கூழாங்கல், அதன்மேல் கரி, மண், பாசி, வாதாமரச் சருகு, ஒரு மரப்பட்டை, இரண்டு குட்டிச் செடிகள். அதற்குள் விட ஐசோபாட் என்ற பூச்சியை ஸ்டீவ் மாதக்கணக்கில் தேடினான். பெண் பார்க்க வந்தபோதுகூட அவன் இவ்வளவு யோசிக்கவில்லை என்பது ஆசீர்வாதத்தின் மனக்குறை. இந்த வகை மளமளவென்று பெருகிச் செடியைக் கடிக்கும், அந்த வகை பார்க்க அழகு ஆனால் வேலைக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, கடைசியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வகையைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தான். பயணத்துக்கு முந்தின நாள்தான் பார்சல் வந்தது. டப்பாவைத் திறந்து மாமாவிடம் காட்டினான். சட்டைப் பொத்தான்கள் நடப்பதுபோல நடந்தன.

"இது பூச்சியே இல்ல மாமா. இறாலு, நண்டு இருக்குல்ல, அதுக்குச் சொந்தக்காரன். செவுள் மாதிரி ஒண்ணாலதான் மூச்சு விடும். அதான் ஒரு பக்கம் ஈரமாவும் ஒரு பக்கம் காஞ்சும் இருக்கணும். அழுகுனது, மக்குனது எல்லாத்தையும் தின்னுரும். நாம பெட்டியைச் சுத்தம் பண்ணவே தேவையில்ல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் மாமாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அதற்குக் காரணம் இருந்தது. மிஷன் பள்ளி ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஆசீர்வாதத்துக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. போன வருடம் ஸ்டீவின் மீன் தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கொடுத்தார். தொட்டி பளிச்சென்று ஆனது. மீன்கள் மல்லாந்து மிதந்தன.

ராத்திரியே பூச்சிகளைப் பெட்டிக்குள் விட்டுவிட்டதாக ஸ்டீவ் சொன்னான். கிளம்பும்போது ஜெனி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ப்பா, காலைல ஒருக்கா, ஒரு பக்கமா, லேசா தண்ணி அடிங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க. இது மட்டும் நல்லபடியா இருந்துச்சுன்னா, பாப்பா பொறந்ததும் உங்ககிட்ட விட்டுட்டு நான் வேலைக்குப் போறேன்."

அவளுக்கு ஐந்தாம் மாதம். குழந்தையைக் காப்பகத்தில் விடலாம் என்பது ஸ்டீவின் கட்சி. மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. மனைவி போனபிறகு அவர் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அந்தக் குழந்தையைத் தன் மடியில் போட்டு வளர்ப்பதுதான். இப்போது அது ஆரஞ்சு நிறப் பொத்தான்களின் கையில் இருந்தது.

'பசியாக இருக்கும்' என்று முடிவு செய்தார். வெள்ளரிக்காயை மெலிதாக நறுக்கி உள்ளே வைத்தார். வரவில்லை. 'ஈரம் போதவில்லை' என்று தண்ணீர் அடித்தார். வரவில்லை. பிறகு தெளிப்பானை ஓரமாக வைத்துவிட்டு, செம்பிலேயே மொண்டு ஊற்றினார்.

காலிச் செம்போடு வாசலுக்கு வந்தபோது, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சிவசங்கரன் நின்றிருந்தார். பேங்கில் இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர். டாக்டர் சாப்பாட்டுக்குப் பின் என்றால் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மாத்திரையைப் போட்டுவிடுவார். "பொறுப்புன்னா சிவசங்கரன் அங்கிள்தான்" என்று ஸ்டீவ் மாமாவின் காதுபடவே சொல்வான்.

"அண்ணே, இந்த ஐசோபாட்டுக்கெல்லாம் தண்ணி எம்புட்டு விடணும்?"

ஆசீர்வாதத்துக்குச் சுருக்கென்றது. மருமகன் வேவு பார்க்க ஆள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"உங்களுக்கு எதுக்கு சார்?"

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான். தினமும் ஸ்டீவ் தம்பி உங்ககிட்டத்தான பாடம் நடத்துவாரு?"

கையில் செம்பு இருந்தது. பின்வாங்க வழியில்லை. "காலைல ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு. கொறைக்கக் கூடாது. இறாலு சாதியாக்கும்!" என்றார்.

சிவசங்கரன் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் வெள்ளரித் துண்டில் பஞ்சு பூத்தாற்போல் பூஞ்சை பிடித்திருந்தது. அதைத் தேடி எறும்புகள் சாரை சாரையாக வந்திருந்தன. ஆசீர்வாதம் ஓடிப்போய் எறும்புச் சாக்பீஸை எடுத்துவந்து பெட்டியின் மூடியைச் சுற்றிக் கோடு கிழித்தார். கிழித்து முடித்தபிறகுதான், எறும்பைக் கொல்லும் மருந்து ஐசோபாட்டை மட்டும் விசாரித்து விட்டுவிடுமா என்று தோன்றியது. ஈரத்துணியால் துடைத்தார். துடைத்த தண்ணீர் ஒழுகி மூடியோரமாகப் பெட்டிக்குள் இறங்கியது.

அந்த நேரம் பார்த்து ஸ்டீவ் போனில் வந்தான்.

"சாப்ட்டீங்களா மாமா? பெட்டி எப்பிடி இருக்கு?"

"ஜோரா இருக்கு மாப்ள. அம்புட்டும் ஓடியாடித் திரியுது."

அந்தப் பக்கம் ஸ்டீவ் ஜெனியைக் கூப்பிடுவது கேட்டது.

"ஓடுதா?"

"பின்னே? இப்பக்கூட ஒண்ணு பட்டை மேல ஏறி என்னையத்தான் பாக்குது."

போன் கை மாறியது. "ப்பா... நெசமாவா?" என்றாள் ஜெனி. குரல் என்னவோபோல் இருந்தது. மகள் சந்தோஷத்தில் நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்து ஆசீர்வாதம் இன்னும் இரண்டு பூச்சிகளைப் பட்டைமேல் ஏற்றினார்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே! பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், பேப்பர் விரித்து, மண்ணை மொத்தமாகக் கொட்டினார். சித்திரை மாத வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டையைப் புரட்டினார், சருகை உதறினார், மண்ணை விரலால் சலித்தார். எறும்புகள் இருந்தன. ஐசோபாட் பெயருக்கு ஒன்றுகூட இல்லை. எறும்பு தின்றதோ, மருந்து தின்றதோ, தண்ணீரில் கரைந்தேதான் போனதோ! பாழாய்ப்போன கையை அவரே திட்டிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"என்னண்ணே, மண்ணைக் காயப்போட்டுருக்கீங்க?"

பக்கத்து மொட்டை மாடியில் சிவசங்கரன். இந்த மனிதர் சாப்பிடவே மாட்டாரா?

"அது... வெயில் காட்டணும் சார். உச்சி வெயில்ல ஒரு மணி நேரம்."

"பூச்சியோடயா?"

"பூச்சியோடதான்."

"பெட்டி ஒரு மாதிரி ஊளைவாடை அடிச்சாலும் இதுதான் வைத்தியமா?"

"இதேதான். வாடையும் போகும், பூச்சிக்கும் தெம்பு வரும்."

சிவசங்கரன் நன்றி சொல்லிவிட்டு அவசரமாகப் படியிறங்கினார். எதற்கு நன்றி என்று யோசிக்கும் நிலையில் ஆசீர்வாதம் இல்லை.

அன்று மாலை அவர் வேலை பார்த்த பழைய பள்ளிக்குப் போனார். மாதா சுரூபம் வைத்த கெபியைச் சுற்றி வரிசையாகப் பூந்தொட்டிகள். அவற்றின் அடியில் தொட்டால் உருண்டையாகிற சாம்பல் நிறப் பூச்சிகளைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இருந்தது. அவையும் இறாலின் சொந்தம்தான், ஏழைச் சொந்தம். முதல் தொட்டியை நகர்த்துவதற்குள் வாட்ச்மேன் விருமாண்டி வந்துவிட்டார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"மோதிரம்யா. கல்யாண மோதிரம்" என்றார் ஆசீர்வாதம், மோதிரக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டே.

விருமாண்டி பதறிப்போனார். "அக்கா போட்டுவிட்ட மோதிரமா? விடக் கூடாது சார்!" என்று வேட்டியை மடித்துக்கட்டி, வரிசையிலிருந்த தொட்டி அத்தனையையும் புரட்டினார். தோட்டக்காரம்மா ஒச்சம்மாள் களைக்கொத்தியோடு வந்து சேர்ந்துகொண்டாள். மடத்திலிருந்து ஆன்மேரி சிஸ்டர் வந்து, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாரைச் சத்தமாக வேண்ட ஆரம்பித்தார். அவர்கள் மோதிரத்தைத் தேட, ஆசீர்வாதம் குனிந்து டிபன் பாக்ஸில் பூச்சிகளைப் பொறுக்கினார்.

"சார், அங்க என்ன பொறுக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல... பாவம், மிதிபட்டுருமேன்னு."

ஆன்மேரி சிஸ்டர் அந்தக் கருணையைக் கண்டு உருகிப்போனார். மோதிரம் கிடைக்கும்வரை தினமும் ஜெபிப்பதாக வாக்குக் கொடுத்தார். ஆசீர்வாதத்தின் மோதிரக் கை வீட்டுக்கு வரும்வரை பையைவிட்டு வெளியே வரவில்லை.

காயவைத்திருந்த மண்ணை மறுபடி பெட்டியில் நிரப்பி, பூச்சிகளை விட்டார். அவற்றுக்குப் பிடித்துவிட்டது. சருகுக்குள் புகுவதும், பட்டையில் ஏறுவதும், பாசியில் மேய்வதுமாகப் பெட்டியே களைகட்டியது. குறை ஒன்றே ஒன்றுதான். வாங்கியது ஆரஞ்சு, இருப்பது சாம்பல். கேரட் தின்றால் மேனி நிறம் மாறும் என்று எங்கேயோ படித்திருந்தார். துருவிப் போட்டார். தின்றன. மறுபடி துருவிப் போட்டார். தின்றன. சாம்பல் நிறத்திலேயே கொழுத்தன.

ஊர் திரும்பும் நாள் வந்தது. 'பூச்சி என்றால் வெயிலில் கறுக்காதா? மதுரை வெயிலில் நானே கறுத்துவிட்டேனே' என்று சொல்லவேண்டியதைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மேலூரைத் தாண்டிவிட்டதாக ஜெனி போன் செய்தாள். கேட் கிறீச்சிட்டது. அதற்குள்ளாகவா என்று வாசலுக்கு ஓடினார்.

வந்தது சிவசங்கரன். முகம் தொங்கிப்போயிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, துண்டால் மூடியிருந்தது. நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போனவர், உள்ளே ஊர்ந்த கூட்டத்தைப் பார்த்து, பேய் அறைந்தாற்போல நின்றுவிட்டார்.

"அண்ணே, இதெப்பிடி இம்புட்டு உசுரோட இருக்கு?"

"வளக்குற விதத்துல இருக்கு சார்" என்றார் ஆசீர்வாதம். வாரம் முழுக்கப் பொய் சொல்லிப் பழகியதில் வார்த்தை தானாக வந்தது.

"இதுல ஒரு கைப்பிடி எனக்குத் தாங்கண்ணே. தம்பி வர்றதுக்குள்ள. சாம்பக் கலரானாலும் பரவால்ல."

"உங்களுக்கு எதுக்கு சார் பூச்சி?"

சிவசங்கரன் துண்டை விலக்கினார். டப்பாவின் காய்ந்த மண்மேல், மருந்துக்கும் அசையாமல், ஆரஞ்சு நிறப் பொத்தான்கள் மல்லாந்து கிடந்தன.

"மாமா பெட்டில வெறும் மண்ணுதான், அவருகிட்ட சொல்லிராதீங்கன்னு தம்பி பூச்சியை எல்லாம் எங்கிட்டத்தான் ஒப்படைச்சுட்டுப் போனாரு, தண்ணிக் கணக்குச் சொல்லல, நீங்க சொன்னபடியே ரெண்டு வேளையும் செம்பு செம்பா ஊத்தி, உச்சி வெயில்ல மாடில வெச்சேன்ண்ணே!"