கை உதறினால் தோணி வரும்

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அத்தான் யோகேஸ்வரன் அவர்களுக்கு, படுவான்கரைத் துறையடியிலிருந்து மச்சினன் இராசதுரை எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆறரை விரல்களும் நலம். மிச்சம் மூன்றரை விரல்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாம்தான். உங்கட போனில் பேசினால் உங்கட ஊர் கரடியனாறு முழுக்கக் கேட்கும், அக்கா அழத் தொடங்கிவிடுவா. அதனால் இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து நண்டு ஓடினமாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வலது கையில் பெருவிரல், அடுத்த இரண்டு, மோதிரவிரலில் பாதி, இரண்டு மாதமாய் விறைப்பு. சின்னவிரலுக்கு ஒன்றுமில்லை. வேலை செய்யாதவனுக்கு நோய் வருத்தம் வராது என்று உங்களைப் பார்த்தே அறிந்திருக்கிறேன். வீச்சுவலையை எடுத்தால் பிடி தெரியாது, நாலு தரம் உதறினால்தான் கைக்கு உயிர் வரும். நம்மட துறை வழக்கம் தெரியும்தானே, கரையில் நின்று கையை ஆட்டினால் அக்கரைத் தோணிக்காரன் வந்து ஏற்றவேண்டும். திங்கள் உதறினேன், தோணிக்கார யோகராசா அண்ணன் சவளால் தோணி வலித்து வந்து "ஆள் எங்க?" என்றார். செவ்வாய் உதறினேன், வந்தார், ஏசினார். புதன் முதுகைக் காட்டி நின்று ஒளித்துத்தான் உதறினேன், அப்படியும் வந்துவிட்டார்.

"ஏறுகா," என்றார்.

"நான் எங்கயும் போகல்ல அண்ணே, கை விறைச்சுப் போச்சு."

"ரெண்டு நாள் வெறுந்தோணியோட திரும்பிட்டன். இண்டைக்கு ஆளில்லாமத் திரும்பமாட்டன். ஆசுபத்திரிக்கு ஏறு."

நனைந்த சாறனோடு, மூன்று மணலை மீனையும் பிடித்தபடி போய் நின்றேன். டாக்டர் பொம்பிளைப்பிள்ளை, "விறைச்சா என்ன ஐயா செய்வீங்க?" என்று கேட்டா. உதறிக் காட்டினேன். "இந்த வருத்தக்காரர் எல்லாரும் இப்பிடித்தான் உதறுவாங்க," என்றா. "அவங்களுக்கும் தோணி வருமா தங்கச்சி?" என்று கேட்டேன், மருந்து கட்டுற பிள்ளை சிரித்துவிட்டது.

மணிக்கட்டில் ஒரு ஒடுங்கின வழியாம், அதுக்குள்ளால் போகிற நரம்பு நெரிபடுதாம். மாரியில் வாவி முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் வெட்டிவிடுகிறோமே, அதுபோல் சின்னதாய் வெட்டிவிட்டால் சரியாம். விட்டால் பெருவிரலடிச் சதை வற்றி, பிறகு வலை பிடிக்கவே ஏலாதாம். வாற வியாழக்கிழமை நாள் தந்திருக்கு. எனக்குத் துளியும் பயமில்லை, கட்டாயம் போவேன், அக்காவிடம் சொல்லவும். வலை வீசாமல் நான் இருந்து என்ன செய்ய, உங்களைப்போல் வாசலில் இருந்து மாட்டையா எண்ண?

அம்மன் உங்கட குடும்பத்தையும் பட்டியையும் காப்பாளாக.

அன்பு மச்சினன்,
இராசதுரை

பி.கு: இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை. விடியவே முதல் கரடியனாறு பஸ்ஸில் ஏறிவிட்டேன், கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் வாசிக்குமட்டும் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் நிற்பேன். அக்கா ஏசி முடிந்ததும் கூப்பிடுங்கள், பசிக்கும்.