கலர் டப்பா சார் பார்க்காமல் வரைந்த வீடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முருகனிடம் கேட்பேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சரி, சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நியூஜெர்சியில் தமிழர்கள் வாங்கிய வீடுகளை, வாங்கியவர்களைவிட அதிகமாக உற்றுப் பார்த்த மனுஷர் ஒருவர்தான்: கலர் டப்பா சார். பிஸ்கட்டவேயில் மருந்துக் கம்பெனி உத்தியோகம். கையில் எந்நேரமும் தகரக் கலர் டப்பா. கிரகப்பிரவேசத்துக்கு மற்றவர்கள் சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தால், இவர் மடக்கு நாற்காலியோடு வருவார். உள்ளே ஹோமப் புகைக்கு அலாரம் அலறும். வெளியே புல்தரையில் இவர்பாட்டுக்கு வீட்டை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருப்பார். பந்தி முடிவதற்குள் படம் காய்ந்து கைக்கு வந்துவிடும். ஒரு தடவை பனியில் உட்கார்ந்து வரைந்ததில் பிரஷ்ஷும் மீசையும் சேர்ந்தே உறைந்துவிட்டன. ஹேர் டிரையர் வைத்துத்தான் மீட்டோம்.

தொண்ணூற்றேழில் நாங்களும் ஐசலினில் ஒரு வீடு வாங்கினோம். அழைக்கப் போனால், சார் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மடியில், லைப்ரரியில் கழித்துப்போட்ட ஒரு புத்தகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் இங்கிலாந்துக்காரர் ஊர் ஊராகப் போய், பிரபுக்களின் மாளிகைகளை வாட்டர்கலரில் வரைந்த படங்கள்.

"நான் இனிமே வரையமாட்டேன். இதைப் பாருங்க. இது எரிஞ்சுபோச்சு. இதை இடிச்சுட்டான். இதுமேல ரோடே போட்டாச்சு. இவர் வரைஞ்சதுல ஒண்ணுகூட இன்னிக்கு நிக்கலை. கண்ணா அது? புல்டோசர்!"

என் மனைவி பத்மா புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "சார், அட்டையிலேயே 'காணாமப்போன மாளிகைகள்'னு போட்டிருக்கு. நிக்கிற வீட்டையா இதுல சேர்ப்பாங்க?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்! தனியா புக் போடற அளவுக்குப் போயிருக்கு பாருங்க."

தான் வரைந்த வீடுகளையும் அவர் துப்பறிந்து வைத்திருந்தார். எடிசன் ஊரில் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் தண்ணீர். இன்னொரு வீட்டுக்காரருக்கு டெக்சஸ் மாற்றல்.

"வீடு இடியலையே சார்?"

"மாற்றல்லதான் ஆரம்பிக்கும்."

பத்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லார் வீட்லயும் உங்க படம் மாட்டியிருக்கு. எங்களுக்கு மட்டும் வெறும் சுவரா சார்?"

"ஏழு வருஷம் அபார்ட்மென்ட்ல கிடந்து வாங்கியிருக்கீங்க. என் கண்ணால உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்குவேனா?"

முருகன்தான் என் வாயில் வந்திருக்க வேண்டும். "அப்போ பார்க்காம வரைங்க சார்!"

வந்தார். தெருமுனையிலேயே கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டார். கையைப் பிடித்து அழைத்துவந்தேன். வீட்டுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுத் துண்டை அவிழ்த்தவர் பதறிவிட்டார்.

"ஐயோ, எதிர் வீடு தெரியறதே! அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

குடையை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, நானும் அதற்குள்ளேயே குந்தினேன். நான் எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார்.

"கதவு எப்படி?"

"பெருமாள் கோயில் கதவு மாதிரி இருக்கு சார்." பெருமையில் வந்துவிட்டது. அப்படியே போட்டுவிட்டார், குமிழோடு.

"புகைபோக்கி?"

"ஒண்ணு. இன்னொண்ணு பைப்பா என்னன்னு தெரியலை."

"சந்தேகம் எதுக்கு? ரெண்டாவே இருக்கட்டும்."

வெயிலில்லாத நாளில் குடைக்குள் இரண்டு ஆண்களைக் கண்டு எதிர் வீட்டு அம்மாள் ஓடிவந்தார். படத்தைப் பார்த்து, "ரொம்ப அழகு! எந்த நாட்டு வீடு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மகள் அதற்கும் மேலே: "அப்பா, தட்ஸ் நாட் அவர் ஹவுஸ்!"

சார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அப்படிச் சொல்லு கண்ணு! இல்லாத வீட்டை எவன் இடிப்பான்?"

மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, கண் தெரியாமலே மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தார்.

படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வீடும் நிற்கிறது. ஆனால் ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவரைப் பைத்தியம் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். நீங்கள் யாருக்காவது சொல்வதானால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். இதையும் விட்டுவிடாதீர்கள்: ஒரே ஒரு தடவை திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்துவிட அந்த மனுஷருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று, குடைக்குள் கூடவே இருந்த எனக்குத் தெரியும். அவர் திரும்பவில்லை.