அழுகைக் காட்சியும் பிரியாணிக் கடை போர்டும்

சினிமா எடுக்கக் கற்பனை வேண்டும் என்பார்கள். தப்பு. தெரிந்தவர்கள் வேண்டும். தெரிந்தவர்கள் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டால் கற்பனை தானாகவே கம்மியாகிவிடும்.

அப்போது நான் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கர். தையலில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் கதையில் மட்டும் ஒரு பிசகும் தெரியாது. (உலக சினிமாவை எல்லாம் மொபைலிலேயே பார்த்து முடித்திருந்த வயசு. தாடி வேறு.) காதலியைச் சாகக் கொடுத்துவிட்டுக் கதறும் ஒருவனைப் பற்றிய குறும்படம். மருந்துக்கும் சிரிப்பு கிடையாது.

"கேமரா இல்லையேடா" என்றேன் இம்ரானிடம். பக்கத்து டேபிள்காரன், என் தோஸ்த். ஊரில் யாரைக் காட்டினாலும் அவனுக்கு மாமு, இல்லாவிட்டால் மாமுவுக்கு தோஸ்த்.

"இதுக்கு இன்னாத்துக்குடா பேஜாராவுற? நான் பேசிக்கிறேன்."

பேசினான். கல்யாண வீடியோ எடுக்கும் சரவணன் கேமராவோடு வந்தார். எடிட்டிங்கையும் தன்னிடமே விட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. பிரியாணிக் கடை ரஹ்மத் பாய் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு தருவதாகச் சொன்னார். கடை போர்டு படத்தில் எங்காவது தெரிந்தால் போதுமாம். கதாநாயகி எங்கள் தையல் பிரிவு ஸ்டெல்லா, இம்ரானின் தங்கைக்கு சிநேகிதி. கதாநாயகன் மட்டும் கிடைக்கவில்லை. நானே நடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பாலாற்று மணலில் ஷூட்டிங். தோல் வாசனை போகாத சட்டைகளோடு வட்டமாக உட்கார்ந்து, ஒரே அண்டாவைச் சுற்றிச் சாப்பிடுவோம். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இன்றைக்கும் பசிக்கிறது.

கதாநாயகி சாகும் காட்சிக்கு பாய் போர்டையே கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஓரமா வெச்சுக்க தம்பி, நான் இன்னா கேக்கப் போறேன்?"

அவர் சோறு தின்ற வாய். மறுப்பு வரவில்லை.

படத்தை வேலூரில் ஒரு சின்ன ஹாலில் போட்டோம். இம்ரானின் தோஸ்துக்கு தோஸ்த் ஒருவர், சென்னையில் உதவி இயக்குநர், வந்திருந்தார். படம் பிடித்துப்போனால் என்னைத் தன் டைரக்டரிடம் சேர்த்துவிடுவதாகப் பேச்சு. அதை நம்பி நான் வேலையை விட்டிருந்தேன். (வீட்டில் சொல்லவில்லை.)

திரையில் ஸ்டெல்லா என் மடியில் சாய்ந்து உயிரை விட்டாள். வானத்திலிருந்து ரோஜாப் பூ கொட்டியது. இதய வடிவ ஃப்ரேம் ஒன்று வந்து எங்கள் இருவரையும் சுற்றி நின்றது. சரவணனுக்கு அப்படித்தான் எடிட்டிங் பழக்கம். "என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று நான் கதற, என் தலைக்குப் பின்னால் 'சூடான பிரியாணி, பார்சல் உண்டு'.

முதலில் சிரித்தது, செத்துப்போன ஸ்டெல்லாதான். பிறகு ஹாலே குலுங்கியது. முன்வரிசையிலிருந்து பாய் திரையைப் பார்த்துக் கத்தினார்: "தம்பி, தலைய கொஞ்சம் சாய்ச்சுக்க, பார்சல் மறையுது!"

சென்னைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து கைகொடுத்தார். "காமெடி உங்களுக்குப் பிரமாதமா வருது. எங்க டைரக்டர் சீரியஸ் படம்தான் பண்றாரு, அதான் கஷ்டம்."

நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஸ்டெல்லா வந்து எட்டிப் பார்த்தாள்.

"நிஜமாவே அழறீங்களா? படத்துலயும் இப்படியே அழுதிருக்கலாமே!"

ஹாலில் யாரோ மொபைலில் பிடித்த அந்தச் சாவுக் காட்சி ஆம்பூர் வாட்ஸ்அப் குரூப்புகளை எல்லாம் ஒரு சுற்று சுற்றியது. பாய் கடையில் கூட்டம் தாங்கவில்லை. அடுத்து ஒரு செருப்புக் கடைக்காரர் போன் செய்தார். "எங்க கடை முன்னாடியும் வந்து அழுவீங்களா?"

அழுதேன். அவர் சொல்லி ராணிப்பேட்டை ஜவுளிக் கடை, ஜவுளிக் கடைக்காரர் சொல்லி காட்பாடி கட்டில் கடை. உலக சினிமா எடுக்க வந்தவன் விளம்பரப் படக் கம்பெனி முதலாளி ஆனேன். கேமரா சரவணன், ஆள் பிடிப்பது இம்ரான். ரோஜாப் பூ கொட்டுவதை மட்டும் இதுவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஸ்டெல்லா இப்போது என் மனைவி. (அவள் வீட்டில் போய்ப் பேசியதும் இம்ரான்தான்.)

போன ஜூனில் மகளை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்டெல்லா கர்ச்சீப்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"இது எந்தக் கடைக்குங்க?"