பியூஸ் போகாத வீடு

முத்துமாரியம்மன் துணை

அக்கரப்பத்தனை,
வெள்ளிக்கிழமை.

பாசமுள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கச்சி ஜீவராணி எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இங்கு உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் கொழும்பில் சுகமாக இருக்க விளக்கேற்றுகிறேன். போனில் சொன்னால் மகள் தனுஜா காதில் விழும், அதனால்தான் கடுதாசி.

நேற்று அவள் படிக்கிற டெக்னிக்கல் காலேஜுக்குப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த அறையில் இருந்தவர்கள்: நான், உங்க மச்சான், தனுஜா, படிப்பிக்கிற ஸில்மியா மிஸ், கூடப் படிக்கிற லோஜன், என் கைப்பைக்குள் அம்மன் படம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எல்லாம் எழுத்துல இருக்கணும் பாருங்க.

மேசைமேல ஒரு சின்னத் தேயிலைத் தோட்டமே செஞ்சு வச்சிருக்காங்க அண்ணே. ஒரு பல்பு நாங்க இருக்கிற மாதிரி வரிசை வீட்டு லயமாம், ஒன்னு தேயிலை பெக்டரியாம், ஒன்னு ஆஸ்பத்திரியாம். ஒரு கம்பியில பழுது வந்தா அந்தக் கம்பிக்குரிய சுவிட்சு மட்டும் தானா விழணும், மத்த வெளிச்சமெல்லாம் நிக்கணும், எது முந்தி விழணும் எது பொறுத்து விழணும்னு புள்ளைங்க கணக்குப் பார்த்து வைக்கணும், அதுதான் படிப்பு. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் மிஸ், "தனுஜா, லயத்துல பழுது குடுங்க"ன்னாங்க. குடுங்கவாம்! பழுது வரக்கூடாதுன்னு நான் வெள்ளிக்கு வெள்ளி தேங்காய் உடைக்கிறேன், அங்க வேணும்னே உண்டாக்குறாங்க. இவ பொத்தானை அமுக்கினா, டக்குன்னு சத்தம், லயத்துப் பல்பு இருட்டு. நான் "மாரியாத்தா"ன்னு கத்திப் பக்கத்துல கெடைச்ச கையைப் புடிச்சேன், அது லோஜன் கை. அந்தப் புள்ள கரண்டுக்குப் பயப்படல, எனக்குத்தான் பயந்துச்சு.

பயத்துல வாய் சும்மா இருக்குமா? புத்தி சொல்லப் போயிட்டேன். "எதுக்கு மிஸ் விழ விடுறீங்க? எங்க வீட்டுலயும் பியூஸ் ஓயாம போகும். தாயத்துக்குள்ள இருந்த செப்புத் தகட்டை எடுத்து, பியூஸ் கம்பிக்குப் பதிலா வச்சுட்டேன். தைப்பூசத்துல இருந்து போகவே இல்ல. அம்மன் காவல்."

தனுஜா "அம்மா!"ன்னா. உங்க மச்சான் கூரையைப் பார்த்தாரு. மிஸ் மெதுவா, "உங்க பியூஸ் போகல, சரி. லயத்துக்கே கரண்டு போகுதாம்மா?"ன்னு கேட்டாங்க.

"அது அடிக்கடி போகும் மிஸ். பக்கத்து வீட்டு காளியாயி அக்கா கரண்டுக்காரங்களைத் திட்டுவாங்க, நானும் சேர்ந்து திட்டுவேன்."

மிஸ் லயத்துச் சுவிட்சுக்குக் குறுக்கால தடிச்ச கம்பி ஒன்னைப் போட்டு, "இதுதான் உங்க தகடு"ன்னு சொல்லி மறுபடி பழுது குடுக்கச் சொன்னாங்க. அண்ணே, லயம், பெக்டரி, ஆஸ்பத்திரி, எல்லாம் ஒரேயடியா இருட்டு! "எல்லாத்துக்கும் பொதுவா பின்னால உள்ள பெரிய சுவிட்சு பிந்தித்தான் விழும். அதுவரைக்கும் உங்க வீட்டுக் கம்பி கொதிக்கும்மா"ன்னாங்க.

அடுத்த மாசம் இவளை நெசமான கரண்டு சப்-ஸ்டேஷனுக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போறாங்களாம். அங்க இருக்கிறது பல்பு ஆஸ்பத்திரி இல்லையே! போகவே கூடாதுன்னுட்டேன். அவ சோத்தைத் தொடல. தாய்மாமன் சொல்லைத் தட்டமாட்டா, இந்தப் படிப்பை விட்டுட்டு நர்சரி டீச்சருக்குப் படின்னு ரெண்டு வரி எழுதுங்க. அம்மன் உங்க வாசல்ல காவல் நிக்கட்டும். அண்ணிக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கச்சி ஜீவராணி

பி.கு.: இதை மடிக்கிறதுக்குள்ள தனுஜா மெயினை நிப்பாட்டித் தகட்டைக் கழட்டி, "இதைக் கழுத்துல போடுங்கம்மா, அங்க இதுக்கு வேலை இல்ல"ன்னு என் கையில குடுத்துட்டு, மெல்லிசுக் கம்பி ஒன்னைப் போட்டா. அம்மனையே எடுத்துட்டாளேன்னு கோவத்துல தண்ணி சுட வைக்கிற கேத்தலையும் துணி தேய்க்கிற அயனையும் ஒன்னாப் போட்டேன். பட்டுன்னு இருட்டு. எங்க வீடு மட்டும்! காளியாயி அக்கா வீட்டு டிவி பாடிக்கிட்டே இருக்கு. "என்னடி ஜீவராணி, ஒனக்கு மட்டும் கரண்டை வெட்டிட்டாங்களா?"ன்னு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கிறாங்க. தனுஜா டார்ச் அடிச்சு, பியூஸுக்குப் பின்னால இருக்கிற பலகையைக் காட்டினா. கரிஞ்சு கெடக்கு அண்ணே. அதுக்கு நேர் கீழதான் அவ படுக்கிறது.

மேலே எழுதினதை விட்டுடுங்க. அம்மன் பேர் போட்டு எழுதினதைக் கிழிக்கக் கூடாது, அதனால அப்படியே அனுப்புறேன். போகாதேன்னு லயத்துக்கே கேட்கக் கத்திட்டேன், இப்ப நானே போன்னு எந்த மொகத்தோட சொல்றது? நீங்களா சொல்ற மாதிரி, போயிட்டு வான்னு அவளுக்கு எழுதுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.