மாமனார் கார் மறுபடியும் கொதிக்கிறது

"மறுபடியும் கொதிச்சிடுச்சு," என்றார் மாமனார், மாப்பிள்ளையைப் பார்க்காமல் பட்டறைச் சுவரைப் பார்த்து.

மாப்பிள்ளை மெக்கானிக். அவன் செய்த குற்றமே அதுதான். மகள் அவனைக் கட்டிக்கொண்ட அன்றே, இனி அவள் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று மாமனார் சபதம் போட்டிருந்தார். வீட்டுக்கு முன்னால் இருக்கும் பட்டறை அந்தச் சபதத்தில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. ஓய்வு பெற்ற கையோடு ஆசைப்பட்டு வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை தவறாமல் வந்து இறங்கினார்.

மாப்பிள்ளைக்கு இது மானப் பிரச்சினை. இந்த ஒரு காரைச் சரிபண்ணிக் காட்டிவிட்டால் மாமனார் தன்னை ஒரு மனுஷனாக மதிப்பார், அப்பாவை நினைத்து மனைவி கண்ணைக் கசக்க வேண்டியிருக்காது என்று மனதார நம்பினான்.

முதல் தடவை ரேடியேட்டர் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்து கூலன்ட் ஒழுகியிருந்தது. இருப்பதிலேயே உறுதியான கிளாம்பைத் தேடிப் பிடித்து முறுக்கினான். அடுத்த வாரம் கிளாம்ப் அசையவில்லை, ரேடியேட்டர் மூடி தளர்ந்திருந்தது. புது மூடி போட்டான். அதற்கடுத்த வாரம் மூடி ஜம்மென்று இருந்தது, ஃபேன் சுற்றவில்லை. அதன் ஒயர் கழன்று தொங்கியது.

சத்தியமாக அவன் கையாலேயே மாட்டிய ஒயர். பாவம், தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தான். வீட்டில் கண்ணில் பட்ட மூடியையெல்லாம் முறுக்கி வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறக்க மனைவி இடுக்கி கேட்கும் நிலைமை வந்தது.

மாமனார் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. அவன் காருக்கு அடியில் கிடக்கும் நேரமெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து, மகள் கொண்டுவரும் காபியைக் குடித்தபடி அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை, மெதுவாகவே பார்க்கட்டும் என்று அவள் மூலமாகச் சொல்லியும் அனுப்பினார்.

இந்த வாரம் ஃபேன் ஃப்யூஸையே காணோம். புதிதாக ஒன்றைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டான். சூடு ஏறவில்லை. அவனுக்குச் சந்தோஷமும் வரவில்லை. அடுத்த வாரம் வேறு ஏதாவது போகும். இன்னொரு முறை கொதித்தால் எஞ்சின் ஹெட்டே வளைந்துவிடும்.

கையைத் துடைத்துக்கொண்டு மாமனார் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, நான் தோத்துட்டேன். அடுத்த தடவை கம்பெனிக்கே கொண்டு போயிடுங்க. இனிமே இந்த வண்டியை நான் தொடமாட்டேன்."

மாமனார் முகம் வெளுத்துவிட்டது.

"அதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை," என்றார். அவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "நீங்களே பாருங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

தன் மேல் இரக்கப்படுகிறார் என்று நினைத்து மாப்பிள்ளை இன்னும் கூனிக் குறுகிப்போனான். முடியவே முடியாது, வண்டி பாழாகிவிடும் என்று சொல்லிவிட்டான். அவன் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தன் பங்குக் காபியைக் குடித்து முடித்த இழுவை வண்டிக்காரர், தலையைச் சொறிந்துகொண்டே மாமனாரிடம் வந்தார்.

"அப்ப அடுத்த சனிக்கிழமை நான் வர வேண்டாமாங்க ஐயா? அன்னைக்கும் வண்டி நின்னுடும்னு நேத்தே சொல்லி வச்சிருந்தீங்களே."